தெரிந்தோ தெரியாமலோ

மிர்லா வைஸ்மனுக்கு அந்த ஆண்டு புத்தாண்டு வாழ்த்து அனுப்பக் கொடுத்து வைக்கவில்லை. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்து கணினியைத் திறந்தால் வாழ்த்து அட்டைகள் வந்து குவிந்திருந்தன. ஒன்றில் மாதுளம்பழம் தானாகப் பிளந்து முத்துக்களைச் சிந்தியது. ஒன்றில் தேன் சொட்டிக்கொண்டே இருந்தது. இன்னொன்று திறந்தவுடன், புத்தாண்டுக்கு ஊதும் ஆட்டுக் கொம்பை யாரோ காதருகில் ஊதியது போல் அலறியதில், மடியில் இருந்த தேநீர் சிந்திவிட்டது. இத்தனை பேர் நினைத்து அனுப்பியிருக்கிறார்கள், அவள் பக்கத்திலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை.

"இப்ப அனுப்பேன், யாரு வேணாங்கறா?" என்றான் அவள் கணவன் லியோன். காலுறையில் ஓட்டை இருக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வருஷம் பொறந்து மூணு நாள் ஆச்சு. ஆறிப்போன சூப்பைப் பரிமாறின மாதிரி இருக்கும்."

"அப்ப மன்னிப்பு அட்டை அனுப்பு. நோன்புக்குத்தான் இன்னும் நாள் இருக்கே."

அது சரியாகப் பட்டது. புத்தாண்டுக்கும் யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நோன்புக்கும் நடுவில் உள்ள நாட்கள் அதற்குத்தான். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் பார்த்துக்கொள்வார். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடம்தான் கேட்டுத் தீர்க்க வேண்டும். மெல்பர்னில் மிர்லா அறிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அட்டை அனுப்பித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒரு தர்ம அமைப்பின் தளத்துக்குப் போய்க் கொஞ்சம் நன்கொடை கட்டினாள். கட்டியவர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளலாம். வெள்ளைப் புறா ஒன்று இடமிருந்து வலமாகப் பறந்து போகும் அட்டையைத் தேர்ந்தெடுத்தாள். புறா போன வழியில் எழுத்துகள் விரிந்தன: 'சென்ற ஆண்டுகளில் தெரிந்தோ தெரியாமலோ உங்களைப் புண்படுத்தியிருந்தால், முழு மனதோடு மன்னிப்புக் கேட்கிறேன்.'

யாருக்கு என்று தளம் கேட்டது. ஒவ்வொரு பெயராகத் தேட அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. 'அனைவரையும் தேர்ந்தெடு' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மிர்லாவுக்கு கிளென் ஹன்ட்லி சாலையில் திரைச்சீலைக் கடை. முப்பது வருஷக் கடை என்றால் முகவரிப் புத்தகத்தில் யார் யாரெல்லாம் இருப்பார்கள் என்று கேட்கவா வேண்டும். காலையில் பதில்கள் வரத் தொடங்கின. குழாய் வேலை செய்யும் ஸ்டாவ்ரோஸ், 'மிர்லா, நீங்க எனக்கு ஒண்ணும் பண்ணலியே. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுதா?' என்று எழுதியிருந்தான். செத்துப்போன பூனைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், பூனை சார்பில் மன்னித்திருந்தார். டாண்டினாங்கில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஆள், இது ஏதோ பில் தகராறுக்கான முன்னுரை என்று நினைத்துக்கொண்டு பயந்து போய்ப் போனே செய்துவிட்டான். மிர்லா சிரித்துச் சிரித்து இருமினாள்.

அப்போதுதான் அந்தப் பதில் வந்தது.

'மன்னித்துவிட்டேன், மிர்லா. நீங்கள் கேட்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கேட்டதற்கு நன்றி. ஹடாசா கோர்னிக்.'

மிர்லா இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஹடாசா கோர்னிக். பெயர் தெரிந்த பெயர்தான். என்றோ கடைக்கு வந்து சமையலறைக்குத் திரை விலை கேட்டவள், குட்டை முடி, மெதுவான பேச்சு. அதற்கு மேல் ஒன்றும் எழும்பி வரவில்லை. அவளுக்கு நான் என்ன செய்தேன்?

அட்டைத் தளத்தில் இன்னொரு வசதி இருந்தது. அனுப்பிய அட்டையை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று அனுப்பியவருக்குக் காட்டும். பெரும்பாலோர் ஒரு தடவை திறந்திருந்தார்கள். பாதிப் பேர் திறக்கவேயில்லை. ஹடாசா மட்டும் திறந்து, மூடி, மறுபடி திறந்து, ராத்திரி திறந்து, விடிந்ததும் திறந்து என்று அந்தப் புறாவை ஓயவிடாமல் பறக்க வைத்திருந்தாள். போகிற போக்கில் மன்னிக்கிறவள் இப்படித் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பாளா?

"லியோன், நான் யாருக்காவது ஏதாவது கெடுதல் பண்ணியிருக்கேனா?"

"எந்த வருஷத்துல?"

"விளையாடாதே. ஹடாசா கோர்னிக்னு ஒருத்தி. நான் அவளுக்கு என்னமோ பண்ணியிருக்கேன். மன்னிச்சுட்டேன்னு எழுதியிருக்கா."

"அப்ப நல்லதாப் போச்சே. வேலை முடிஞ்சுது."

"என்ன வேலை முடிஞ்சுது? என்ன பண்ணினேன்னே தெரியலையே!"

லியோன் மாட்டப் போன காலுறையைக் கீழே வைத்தான். சனிக்கிழமை கால்பந்து இறுதிப் போட்டி. அவன் அணி வழக்கம் போல அதில் இல்லை. அதனால் இந்த வாரம் அவனுக்கு வேறு விஷயங்களை யோசிக்க நேரமிருந்தது. "அவ சோபாவைப் பத்தி ஏதாவது சொன்னியா?"

"அவ வீட்டு சோபாவை நான் பார்த்ததே இல்லை."

"நீ பார்க்காமலே சொல்லுவே. சரி, வண்டி நிறுத்தற இடத்துல சண்டை? பேகல் ரொட்டிக் கடை வரிசையில முந்திப் போனது? அவ பிள்ளை பேரைக் கேட்டுட்டு 'நாய்க்கு வெக்கற பேரு'ன்னது?"

"அது டினா கல்யாணத்துல, வேற யாரோ! அதுவும் நான் மெதுவாத்தான் சொன்னேன்."

"மெதுவாச் சொல்றதுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு அவன் தோட்டத்துப் பக்கம் நழுவிவிட்டான்.

பல்லிடுக்கில் சிக்கிய நார் போல அது மிர்லாவை உறுத்திக்கொண்டே இருந்தது. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு நீலத் துணியைக் காட்டிக்கொண்டே 'ஹடாசா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். 'அது இந்த நிறத்தோட பேரா? நல்லா இருக்கே' என்றாள் அந்தப் பெண். சாயங்காலம் கடையைப் பூட்டியதும் நேரே லியோனின் அக்கா ஸோஷா வீட்டுக்குப் போனாள். கால்ஃபீல்ட் வட்டாரத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்பதெல்லாம் ஸோஷாவுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஸோஷா நோன்புக்கு முந்தின சாப்பாட்டுக்காக மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். "ஹடாசா கோர்னிக்கா? என் காதுல இருக்கறதே அவ வெச்சதுதான்" என்று காது கேட்கும் கருவியைத் தொட்டுக் காட்டினாள். "எல்ஸ்டர்ன்விக்ல காது பரிசோதனை நிலையம் வெச்சிருக்கா. தங்கமான பொண்ணு."

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா?"

"அவ என் காதுக்குள்ள பார்ப்பா. வாயைத் திறக்க மாட்டா. ஏன்?"

மிர்லா விஷயத்தைச் சொன்னாள். ஸோஷா மாவுக் கையோடு கேட்டுவிட்டு, "அடி போடி பைத்தியக்காரி" என்றாள். "அபராதச் சீட்டை ரத்து பண்ணிட்டாங்கன்னா ஒருத்தி பேசாம வீட்டுக்குப் போவாளா, இல்ல 'எதுக்கு அபராதம் போட்டீங்க, அந்த போட்டோவைக் காட்டுங்க'ன்னு ஆபீஸ்ல போய் நிப்பாளா?"

"அது அபராதம் ஸோஷா, இது மனுஷி. என்ன தப்புன்னே தெரியாம மன்னிப்பு வாங்கினா அது செல்லுமா?"

"செல்லும் செல்லும். எங்ககிட்டயெல்லாம் அப்படித்தானே வாங்கினே?"

"என்னது?"

ஸோஷா மடித்த உருண்டையை அழுத்தி மூடினாள். "ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"என் பொண்ணு கல்யாணத்துல, மண்டபத்துக்குள்ள காலை வெச்சதும் நீ என்ன சொன்னே? 'இந்தத் திரையைப் பாரு, பிணம் வெக்கற கூடம் மாதிரி இருக்கு'ன்னே. மாப்பிள்ளையோட அம்மா பக்கத்துல நின்னா. அந்தத் திரைய எடுத்தது அவ."

"அந்தத் திரை நிஜமாவே அப்படித்தான்..." என்று ஆரம்பித்த மிர்லா நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்கு அட்டை வரலையா?"

"வந்துச்சு. புறா பறந்துச்சு. எனக்கும் பறந்துச்சு, குழாய்க்காரனுக்கும் பறந்துச்சு."

மிர்லா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "அந்தக் கல்யாணத்துல நான் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க, ஸோஷா" என்றாள். ஸோஷா உடனே, "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு, இந்தா இதை மடி" என்று ஒரு வட்ட மாவை நகர்த்தினாள். மடித்துக்கொண்டிருக்கும்போதே மிர்லாவுக்கு எண்ணம் ஓடியது. ஸோஷா இத்தனை வருஷம் இதை மனசில் வைத்துக்கொண்டு முகம் கொடுத்துப் பேசியிருக்கிறாள் என்றால், அதிகம் பழகாத ஹடாசா என்னவெல்லாம் வைத்துக்கொண்டிருப்பாள்? நேரே போய்க் கேட்டுவிடலாம். ஆனால் 'உங்களுக்கு நான் என்ன செய்தேன்?' என்று கேட்ட மறுநொடி, அட்டை அவளுக்கென்று அனுப்பியதில்லை என்பது தெரிந்துபோகும். அத்தனை தடவை திறந்து பார்த்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

அடுத்த நாள் காலை போன் செய்து, காது சரியாகக் கேட்கவில்லை, அவசரம் என்று ஹடாசாவின் நிலையத்தில் நேரம் வாங்கினாள்.

அங்கே போகிற வழியில் கூட்டைக் காக்கிற மேக்பைப் பறவை ஒன்று அவள் தலையைக் குறிவைத்து இரண்டு முறை இறங்கிப் பாய்ந்தது. மிர்லா கைப்பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடினாள். மூச்சு வாங்க, முடி கலைய உள்ளே நுழைந்தபோது ஹடாசாவே எதிரில் நின்றாள். குட்டை முடியில் நரை கண்டிருந்தது. அதே மெதுவான பேச்சு.

"மிர்லா. பேரைப் பார்த்ததும் நீங்களாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கி, "அட்டையோட நிக்காம நேர்லயே வந்துட்டீங்க" என்றாள். கண் ஓரம் பளபளத்தது.

மிர்லா கைப்பையைத் தலைமேலிருந்து இறக்கினாள். "காது... காது கொஞ்சம்" என்றாள்.

"முதல்ல காதைப் பார்த்துடலாம், வாங்க."

பரிசோதனை அறைக்குள் இன்னொரு சின்ன அறை. சத்தம் புகாத சுவர், கனமான கதவு, ஒரு கண்ணாடிச் சன்னல். மிர்லாவை உள்ளே உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள் ஹடாசா. கதவு சாத்தியதும் உலகமே பஞ்சுப் பொதிக்குள் போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹடாசா உட்கார்ந்து மைக்கின் பொத்தானை அமுக்கினாள். "சத்தம் கேட்டா அமுக்குங்க" என்ற குரல் தலைக்குள்ளேயே பேசியது.

கீச்சென்ற சத்தங்கள் வந்தன, போயின. மிர்லா கேட்டதற்கும் அமுக்கினாள், கேட்காததற்கும் அமுக்கினாள்.

"அவசரப்படாதீங்க. இப்ப நான் ஒவ்வொரு வார்த்தையாச் சொல்றேன். அப்படியே திருப்பிச் சொல்லுங்க. கப்பல்."

"கப்பல்." கப்பல்? நாங்கள் எந்தக் கப்பலிலும் சேர்ந்து போனதில்லையே.

"பூட்டு."

"பூட்டு." அவள் வந்தபோது கடை பூட்டியிருந்ததோ? மழையில் நிற்க வைத்தேனோ?

"மழை."

மிர்லா திடுக்கிட்டாள். "மழை" என்றாள் ஈனசுரத்தில்.

"கரடி."

கரடியை எதோடும் சேர்க்க முடியவில்லை. எல்லோருக்கும் படிக்கும் அதே பட்டியல்தான் இது என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. தன்மேலேயே எரிச்சலாக வந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஹடாசா அடுத்த வார்த்தைக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நெற்றியில் கள்ளம் எதுவும் இல்லை. எதையோ பெரிதாக இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கிற முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஏமாற்ற மிர்லாவால் முடியவில்லை.

"ஹடாசா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. நீங்க பேசறது எனக்கு இங்க கேக்கும்."

"அந்த அட்டை... நான் எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரே பொத்தான்ல. என் குழாய்க்காரனுக்குக்கூடப் போயிருக்கு. நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைச்சுக்கறேன், ஞாபகம் வரலை. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். என் காதுக்கு ஒண்ணுமில்லை."

ஹடாசா நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. நாற்காலியை விட்டு எழுந்தாள். பேச ஆரம்பித்தாள். கையை வீசினாள், விரலால் காற்றில் ஏதோ கோடு கிழித்தாள், மேலிருந்து கீழாக, அப்புறம் குறுக்காக. ஒரு தடவை நெஞ்சில் கை வைத்தாள். ஒரு தடவை மிர்லாவை நேராகச் சுட்டினாள். நீளமாகப் பேசினாள். பேசி முடித்து, மேஜையில் கை ஊன்றி, பதிலுக்குக் காத்து நின்றாள்.

மைக்கின் பொத்தானை அவள் அமுக்கவே இல்லை. மிர்லாவுக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை.

இப்போது என்ன செய்வது? தலையாட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ஹடாசா," என்றாள் மிர்லா மிக மெதுவாக, "எனக்கு ஒண்ணுமே கேக்கல. நீங்க அந்த மைக்கை..."

ஹடாசா மைக்கைப் பார்த்தாள். மிர்லாவைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. கடைசியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள்.

"மறுபடியும் அவ்வளவையும் என்னால சொல்ல முடியாது" என்றது தலைக்குள் குரல். "சுருக்கமாச் சொல்றேன். எங்கம்மா செத்து மூணாம் நாள். துக்கத்துக்குத் தரையோட போடற சின்ன நாற்காலியில உக்காந்திருந்தேன். நீங்க வந்தீங்க. ஆறுதல் சொன்னீங்க, நல்லாத்தான் சொன்னீங்க. அப்புறம் நேரா கூடத்து ஜன்னல்கிட்ட போனீங்க. பையிலேர்ந்து டேப்பை எடுத்தீங்க. மேலேர்ந்து கீழ அளந்தீங்க, குறுக்க அளந்தீங்க. 'ரெண்டு தொங்கல் திரை போதும்'னீங்க. அம்மாவோட படுக்கையை நாங்க இன்னும் மடிக்கக்கூட இல்லை. வீடு கைமாறப் போகுதுன்னு கணக்குப் போடறீங்கன்னு நெனச்சேன். எட்டு வருஷம், மிர்லா. உங்க கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. திரை வேணும்னா ரிங்வுட் வரைக்கும் போய் வாங்கறேன்."

மிர்லா ஹெட்ஃபோனோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் டேப்போடு ஜன்னலருகே நிற்கும் தன் முதுகு அவளுக்கே தெரிந்தது.

"ஞாபகம் வருதா?"

"இல்ல" என்றாள் மிர்லா. "ஆனா நானாத்தான் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் என் கை ஜன்னலுக்குத்தான் போகும். துக்க வீடுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." பொத்தானை மடியில் வைத்தாள். "உங்கம்மா வீட்ல, அந்த நாள்ல, நான் அளவெடுத்ததுக்கு என்னை மன்னிச்சுக்கோங்க."

ஹடாசா நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

"அட்டைக்குக் குடுத்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றாள் ஹடாசா.

"எடுத்துக்கோங்க. அது நியாயம்."

"இதுக்கு யோசிச்சுச் சொல்றேன்." காகிதத்தைப் புரட்டினாள். "இப்ப இடது காது. சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க."

வீட்டுக்கு வந்து மிர்லா எல்லாவற்றையும் லியோனிடம் சொன்னாள். அவன் கிண்டல் பண்ணுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பண்ணவில்லை. "துக்க வீட்டுல டேப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

நோன்பு தொடங்கும் நாள் மத்தியானம் வரை ஹடாசாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மிர்லா கோழி சூப்பைக் கிளறினாள், போனைப் பார்த்தாள், மறுபடி கிளறினாள். போன் அடித்தபோது கரண்டியைச் சூப்புக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"நான் ஹடாசா. பெர்த்துல இருக்கற என் தம்பி டோவ்கிட்ட நேத்து பேசினேன். நடந்ததைச் சொல்லலாம்னுதான்." குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அவளா அளக்கல, நான்தான் அளக்கச் சொன்னேன்'ங்கறான்."

"என்னது?"

"எங்க மாமாவுக்கு அப்பத்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்துது. கூடத்துல உக்காந்திருந்தார். சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிச்சுது. ஜன்னல் மறைப்போட கயிறு அறுந்து போயிருந்துது. டோவ் உங்களைப் பார்த்ததும், 'எதையாவது போட்டு மறைக்க முடியுமா'ன்னு கேட்டிருக்கான். நீங்க அளந்துட்டுப் போய், மறுநாள் ஒரு துணியைக் கொண்டுவந்து நீங்களே மாட்டிட்டுப் போயிருக்கீங்க. நான் அப்ப உள்ள படுத்திருந்தேனாம்." சற்று நிறுத்தினாள். "அந்தப் பழுப்புத் துணி ரொம்ப நாள் அங்க தொங்கிச்சு, மிர்லா. எங்கேர்ந்து வந்துதுன்னு நான் கேட்கவே இல்லை. யாரோ வந்தவங்க கட்டினதுன்னு இருந்துட்டேன்."

பழுப்புத் துணி. யாரோ சொல்லிவிட்டு வாங்காமல் போன லினன் துணி ஒன்று கடையில் அந்தச் சமயம் கிடந்தது என்று மிர்லாவுக்குத் தோன்றியது. ஸ்டூலில் ஏறி மாட்டியதுகூட நினைவு வருவது போலிருந்தது. நிஜமாகவே வந்ததா, வரவேண்டும் என்ற ஆசையில் வந்ததா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"டோவுக்குச் சரியா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குன்னு சத்தியம் பண்றான். நான்தான் இப்ப உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். வெறும் கோபமா மட்டும் வெச்சுக்கல. வெளியில சொல்லியிருக்கேன்."

"மன்னிச்சுட்டேன்" என்றாள் மிர்லா உடனே. அப்புறம், "என்னன்னு சொன்னீங்க?"

"மன்னிச்சாச்சுல்ல, விடுங்களேன்."

"மன்னிச்சாச்சு, அதெல்லாம் திருப்பி வாங்க மாட்டேன். ஆனா என்னன்னு சொன்னீங்க?"

ஹடாசா பெருமூச்சு விட்டாள். "'பிணத்தோட சூடு ஆறறதுக்குள்ள ஜன்னலை அளக்கறவ'ன்னு."

மிர்லா சூப்பைப் பார்த்தபடி நின்றாள். முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு, இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவள் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்திருக்கிறதே என்று நினைத்தபோது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். யார்கிட்ட?"

"நீச்சல் குளத்துல உடற்பயிற்சிக்கு வர்றவங்ககிட்ட. ஒரு கல்யாணத்துல. அப்புறம்... ஞாபகமில்லை. எட்டு வருஷத்துல யார் யார்கிட்டன்னு எப்படித் தெரியும்? அதை நான் சரி பண்ணிடறேன். பொழுது சாஞ்சு நோன்பு தொடங்க இன்னும் நேரம் இருக்கு."

"எப்படிச் சரி பண்ணுவீங்க?"

"பாத்துக்கறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க. நல்ல நோன்பா இருக்கட்டும்."

சாப்பிட்டு, வெள்ளை உடை உடுத்தி, நோன்புக்குத் தோல் ஆகாது என்பதால் துணிக் காலணி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நோன்பு நாளில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால், லியோன் வழக்கம் போல ஜெப ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி, யார் கண்ணிலும் படாத இடத்தில் வண்டியை நிறுத்தினான். அங்கே ஏற்கெனவே ஆறேழு வண்டிகள் அதே காரணத்துக்காக நின்றன. அவற்றிலிருந்து இறங்கியவர்கள் வீட்டிலிருந்தே நடந்து வருகிற முகத்தோடு நடந்தார்கள்.

மிர்லா மாடியில் பெண்கள் பகுதிக்கு ஏறிப் போனாள். வருஷத்தில் இந்த ஒரு ராத்திரிதான் அங்கே உட்கார இடமிருக்காது. அவள் நுழைந்ததும் முதல் வரிசையில் ஒரு தலை திரும்பியது. அப்புறம் பக்கத்துத் தலை. பிறகு வரிசையாகத் திரும்பின. எல்லாம் வயசான தலைகள். எல்லார் காதோரமும் சின்னதாக, தோல் நிறத்தில், ஒரு கருவி எட்டிப் பார்த்தது. மிர்லா தன் இருக்கைக்குப் போவதற்குள் மூன்று பேர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்கள். அதில் ஒருத்தியை அவள் முன்னேபின்னே பார்த்ததே இல்லை.

ஸோஷா அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். "ஹடாசாகிட்டேர்ந்து எனக்கு ஒரு அட்டை வந்துச்சு" என்றாள் உட்காருவதற்கு முன்பே.

"உங்களுக்கா? என்ன அட்டை?"

"புறா பறக்குமே, அதேதான். 'மிர்லா வைஸ்மனைப் பற்றி நான் சொன்னது தவறு. அவர் அப்படிச் செய்யவில்லை. கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்'னு போட்டிருக்கா. எனக்கு மட்டுமில்ல. இங்க காது வெச்சிருக்கற அத்தனை பேருக்கும் வந்திருக்கு."

மிர்லாவுக்குப் புரிந்தது. யார் யாரிடம் சொன்னோம் என்று தெரியாத ஹடாசா, எதற்கும் இருக்கட்டும் என்று 'அனைவரையும் தேர்ந்தெடு' பொத்தானை அமுக்கியிருக்கிறாள்.

முன் வரிசையிலிருந்து ஒரு கிழவி முழு உடம்பையும் திருப்பி உட்கார்ந்தாள். தான் ரகசியம் பேசுவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கீழே ஆண்கள் பகுதியில் இருந்த லியோனே அண்ணாந்து பார்க்கும்படி அவள் குரல் கணீரென்று ஒலித்தது.

"ஏம்மா, நீதானே மிர்லா? நீ எதைச் செய்யலையாம்?"

சுற்றியிருந்தவர்கள் பிரார்த்தனைப் புத்தகத்தைத் தாழ்த்தினார்கள். ஸோஷா கருவியைக் காதுக்குள் அழுத்தி வைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தாள். கீழே வேதச் சுருள்கள் இருக்கும் பேழையின் கதவைத் திறக்க ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள்.

மிர்லா தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, "ஒரு ஜன்னல்" என்று ஆரம்பித்தாள்.